மூன்றே கால் மணி மாப்பிள்ளை

பிப்ரவரி 4

என் மருமகள், மகாராணி, குண்டூசிக்கு,

உன் மாமன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே, நல்ல தாள். ஒரு வருஷமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெரிய பெரிய ராஜாக்களே பேசாமல் இருந்திருக்கிறார்கள், நாம் எந்த மூலைக்கு. போன் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதை ஒரு பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. சத்தியம். மொட்டை மாடிச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், விர்ரென்று இறங்கியது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தலைவலி. உன் அண்ணனுக்கு வருகிற மாதிரித் தலைவலி என்று நினைத்துவிடாதே. உலகத்திலேயே இது நாலு பேருக்குத்தான் வந்திருக்கிறது, அதில் மூன்று பேர் இப்போது இல்லை. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை, இரண்டு பக்கமும், மூன்று நாள் நிற்காமல் அடிக்கும். ஒரு டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவரே மயங்கி விழுந்தார். இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதி, விளக்கை அணைத்துவிட்டுப் படு என்றார். மூன்றாவது நம் பல் டாக்டர். பதினெட்டு வருஷமாக அவருக்கு நான்தான் பல் செட் செய்து கொடுக்கிறேன், நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் கஞ்சிதான் குடிக்க வேண்டும். 'வேர்லதான் கோளாறு டாக்டர், பிடுங்குங்க' என்று நானே சொல்லி, மேல் வரிசை வலது பக்கம் மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வைத்தேன். பிடுங்கியதும் கழுவிப் பார்த்தேன். ஒரு சொத்தை கிடையாது, முத்து மாதிரி இருந்தன. போகட்டும், அதைவிட நல்லதாக மூன்று நானே செய்து மாட்டிக்கொண்டேன். வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ ஆம்புலன்ஸ் ஆபீசில் போன் எடுக்கிறவள். பெரிய ஆஸ்பத்திரியில் உனக்கு ஆள் இருக்கும். நல்ல நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடு. கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை. பல் செதுக்குகிற என் மெழுகுக் கத்திகள் பதினொன்றும் உனக்குத்தான், ஒன்றில்கூடத் துருவில்லை. சின்ன மோட்டாரைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடு. அறைச் சாவி ஒன்றைக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்காது.

இப்படிக்கு, பற்களின் பிரம்மா, உன் மாமன்.


பிப்ரவரி 11

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பருந்தை விட்டுவிடுவோம்.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா இறந்த அன்று வார்டு வாசலில் ஸ்பிரிட் வாடையோடு வந்து நின்றீர்கள். வலது கண் மட்டும் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. 'குடிச்சிட்டா வந்தீங்க?' என்று அண்ணன் கேட்டதற்கு, 'ஆமாடா, முழுப் புட்டி, இப்ப என்னங்கற?' என்றீர்கள். அண்ணன் தோளைப் பிடித்து வெளியே தள்ளியபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'கூடப் பொறந்தவளுக்கு ஒத்தக் கண்ணால அழுத மனுஷன்' என்று வீட்டில் இன்றைக்கும் உங்களைச் சொல்கிறார்கள். ஒரு நாளும் நான் மறுத்ததில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. கத்தி இவளுக்கு, மோட்டார் அவருக்கு, சாவி இன்னொருவரிடம் என்று சிரித்துக்கொண்டே பங்கு வைக்கிறவர்கள் எங்கள் எண்ணுக்கும் கூப்பிடுவார்கள். அவர்களிடம் சுற்றி வளைக்காதே, நேராகக் கேள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கிறேன். சாக நினைக்கிறீர்களா, மாமா? ஆம், இல்லை. ஒரு வார்த்தை போதும். ஆம் என்றால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தையல்காரர் போனிலிருந்து எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.

இன்னும் மூன்று கேள்வி. எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு? எத்தனை நிமிடம்? இந்த மூன்றுக்கும் கதை வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்.


பிப்ரவரி 17

குண்டூசிக்கு,

பெயர் வைத்தவன் நான்தான். நாலு வயசிலேயே நீ கேள்வி கேட்டால் ரத்தம் வரும்.

சாவா, எனக்கா? எமன் என் பட்டறைக்கு வந்தால் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுப்பேன். ஓடியே போய்விடுவான்.

பக்கம் கேட்டாய். ஆரம்பம் வலது கண்ணுக்குப் பின்னால். மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் பழுக்கக் காய்ச்சி, கண்ணுக்குப் பின்னால் செருகி, நிதானமாகத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. பிறகு பூமி முழுக்கப் பரவும் என்று வைத்துக்கொள். நேரம், மத்தியானம் மூன்றே கால். விடியற்காலையில் இன்னொரு தரம். அதனால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவான், வந்துவிட்டால் நாம் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, கிளம்புகிறவரை நின்றபடியே உபசரிக்க வேண்டும். பிப்ரவரி பிறந்தால் வருவான், ஆறேழு வாரம் தங்குவான். போய்விட்டால் அடுத்த வருஷம்வரை எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது, குதிரை மாதிரி இருப்பேன். பதின்மூன்று வருஷ உறவு.

விளக்கை அணைத்துவிட்டுப் படு என்றாரே ஒரு டாக்டர், அவரை ஒரு நாள் என் அறையில் விட வேண்டும். படுத்தால் செத்தேன். சுவருக்குச் சுவர் நடப்பேன், மணிக்கு நாற்பது மைல் வேகம். தையல்காரர் தலையை வெளியே நீட்டி, 'மேல என்னய்யா மாடு கட்டியிருக்கியா?' என்றார். 'நாட்டியம் பழகறேன்' என்றேன். 'இந்த வயசுல அரங்கேற்றம் வேறயா, சட்டைக்கு அளவெடுக்கவா?' என்றார். நல்ல மனுஷர், ஆனால் உள்ளே விடுவதில்லை. மூன்று மணிக்கே தாழ்ப்பாள் போட்டுவிடுவேன்.

எத்தனை நிமிடமா? நிமிஷக் கணக்கில் வலிப்பதற்கு நான் என்ன சின்னப் பையனா? நாள் கணக்கு என்று எழுதிக்கொள்.

வார்டு வாசல் விஷயம் பேச வேண்டாம். குடித்தேன். வெளிநாட்டுச் சரக்கு, முழுப் புட்டி. முடிந்தது.

மாமன்.


பிப்ரவரி 24

மாமா,

உங்கள் கடிதத்தில் பொய் என்று பட்டதையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சம் இருந்ததை எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் மருத்துவரிடம் காட்டினேன். வலது கண்ணுக்குப் பின்னால். தினமும் ஒரே நேரம். படுக்க முடியாமல் நடப்பது. வருடத்தில் சில வாரம், பிறகு ஒன்றுமில்லை. நான்கு வரிதான் தேறியது. அவர் உடனே, 'அந்தப் பக்கக் கண்ணு மட்டும் செவந்து தண்ணி வழியுமா? இமை தொங்குமா? மூக்கு ஒரு பக்கம் அடைக்குமா?' என்று கேட்டார்.

மாமா, வார்டு வாசலில் நீங்கள் நின்றது கண்ணுக்கு முன் வந்தது.

இதற்குப் பெயர் கிளஸ்டர் தலைவலி. கொத்துக் கொத்தாக வருவதால் அந்தப் பெயர். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதற்காகப் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் நிறைய இருக்கிறார்களாம். ஒவ்வொரு தடவையும் கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம்வரை இருக்கும். நாள் கணக்கில் இருக்காது. நீங்கள் 'மூன்று நாள், இரண்டு பக்கமும்' என்று சொல்லிச் சொல்லித்தான் டாக்டர்கள் வேறு நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். இதை அறவே போக்க வழி இல்லை. ஆனால் வந்ததும் முகமூடி வைத்து வேகமாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் பலருக்குக் கால் மணியில் அடங்குகிறது. வராமல் குறைக்க மாத்திரை இருக்கிறது, இதயத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் தருவார்கள். இந்த வாரங்களில் ஒரு சொட்டு மதுவும் கூடாது, அதுவே கிளப்பிவிடும். ஆக்சிஜன் என்றதும் வெல்டிங் கடைக்குப் போய் நிற்காதீர்கள், உங்களைத் தெரிந்து சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலைவலிக்கென்றே பார்க்கும் பெண் டாக்டர் இருக்கிறார். மார்ச் 14, மத்தியானம் மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கண். வேறு ஒரு சொல் வேண்டாம்.

இன்னும் ஒன்று புரியவில்லை. அன்றைக்கு இதுதான் நடந்தது என்றால், குடித்தேன் என்று ஏன் சொன்னீர்கள்?

முதல் கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.


மார்ச் 2

மருமகளே,

பெயர் அருமை. கிளஸ்டர். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. பல் டாக்டரிடம் சொன்னேன், வாயைப் பிளந்துவிட்டார்.

நோட்டு போட்டுவிட்டேன். நகல் இதோ.

25ஆம் தேதி: காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறுவரை. இரண்டு கண்ணும்.
26: பதினான்கு தடவை. ஒவ்வொன்றும் இரண்டரை மணி.
27: கணக்கில் அடங்காது.
28: கட்டில் உடைந்தது.

கோபப்படாதே. அவர் பெரிய டாக்டர். தினம் நூறு பேரைப் பார்க்கிறவர். அவரிடம் போய் முக்கால் மணி வலித்தது என்று சொன்னால், 'போய்யா, வேலையப் பாரு' என்று அனுப்பிவிட மாட்டாரா? பெரிய இடத்துக்குப் பெரிதாகத்தான் கொண்டு போக வேண்டும். உன் மாமனுக்கு உலகம் தெரியும்.

ஒரே ஒரு உதவி. மூன்று மணி வேண்டாம், காலை பத்துக்கு மாற்று. மாப்பிள்ளை வருகிற நேரத்தில் நான் வெளியே போவதில்லை. பதின்மூன்று வருஷத்தில் அந்தக் கோலத்தில் என்னை யாரும் பார்த்ததில்லை, இனியும் வேண்டாம். கட்டாயம் மாற்று.

மாமன்.


மார்ச் 8

மாமா,

பதினான்கு தடவை, இரண்டரை மணி. முப்பத்தைந்து மணி நேரம். உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

இந்த நோட்டைப் பார்த்தால் டாக்டர் மூடி வைத்துவிடுவார். எங்களிடம் கூப்பிடுகிறவர்களும் இப்படித்தான், பயத்தில் பெரிதாக்குவார்கள், வெட்கத்தில் சின்னதாக்குவார்கள். இரண்டுமே வண்டியைத் தப்பான இடத்துக்கு அனுப்பும். உங்களுக்கு வலிப்பது முக்கால் மணி என்றால் அந்த முக்கால் மணியே போதும். அதற்கு நீங்கள் நகை பூட்ட வேண்டாம்.

நேரத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மணிக்கே போங்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள்.


மார்ச் 15

நேற்றுப் போனேன்.

நீ தெரிந்தேதான் மூன்று மணி வாங்கியிருக்கிறாய்.

அந்த டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். 'ஐயா, இதுல எதை நான் நம்பட்டும்?' என்றார். எல்லாவற்றையும் நம்பச் சொன்னேன். அவர் நோட்டை மூடினார். ஒற்றைத் தலைவலி மாத்திரையையே மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னார். கடிகாரம் மூன்று பன்னிரண்டு. மூக்கு வலது பக்கம் அடைத்தது. இமை இறங்கியது. 'அவசர வேலை' என்று எழுந்தேன். கதவுப் பிடி கைக்குச் சிக்கவில்லை. அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அங்கே ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதில் என் நெற்றி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. இது கதை இல்லை.

வெளியே வரிசையில் இருந்த முப்பது பேரும் கேட்டிருப்பார்கள்.

அந்த அம்மா கத்தவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். என்னை ஒரு நாற்காலியில் முன்னால் சாய்த்து உட்கார வைத்து, முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். 'மூச்ச நல்லா இழுங்க, நான் விடமாட்டேன்' என்றார். பன்னிரண்டு நிமிஷம். அடங்கிவிட்டது. பதின்மூன்று வருஷம், பன்னிரண்டு நிமிஷம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். 'இந்த மூணும் எப்ப போச்சு?' என்றார். சொன்னேன். நாக்கு அழுத்தும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கேள்விகளுக்குப் பதில்.

ஆம். இந்த வருஷம் ஏழாவது வாரம்வரை பார்ப்பது, அதற்கு மேல் இருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதற்குப் பிறகுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். இன்று ஆறாவது வாரம்.

போனைப் பருந்து எடுக்கவில்லை. வலியில் சுவரில் அடித்தேன்.

அன்றைக்கு நான் குடிக்கவில்லை. வாடை என் சட்டையில் எப்போதும் இருக்கிற விளக்கு ஸ்பிரிட். அக்கா கண் திறந்து 'கிட்ட வாடா' என்றாள். மணி மூன்றே கால். ஏதோ சொல்ல வந்தாள். நான் ஓடிவிட்டேன். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிஷம். திரும்பி வந்தபோது துணி போர்த்திவிட்டிருந்தார்கள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. குடிகாரன் என்றால் ஜனங்களுக்குப் புரியும். மண்டையைத் தூணில் முட்டிக்கொண்டிருந்தேன் என்றால் என்ன சொல்வார்கள்?

இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 21

மாமா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கும் இடம் இருந்தது. மாற்ற முடியாது என்று நான் சொன்னது பொய். உங்களால் உள்ளபடி சொல்ல முடியாது என்று தெரிந்தது. வலியே வந்து சொல்லட்டும் என்று நினைத்தேன். நீங்கள் பதின்மூன்று வருடம் தாழ்ப்பாள் போட்டு மறைத்ததை முப்பது பேருக்கு நடுவில் திறந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் என்னை மன்னிக்காமல் உயிரோடு இருங்கள்.

ஆனால் அந்த ஒரு வருடத்துக்குக் கேட்கிறேன். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவள், வாசலில் நின்ற உங்களிடம் கேட்கவில்லை.

அண்ணனிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

'ஆம்' என்று எழுதியதை டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த வலியில் பலருக்கு இந்த எண்ணம் வரும், அதற்காக வெட்கப்பட வேண்டாம், ஆனால் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். வாரம் ஒரு தடவை உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். அவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது இருக்கும் அறையில் நெருப்பு ஆகாது. ஸ்பிரிட் விளக்கு, சிகரெட் இரண்டும் வெளியே.

தையல்காரருக்குப் போன் செய்தேன். ஒன்றும் சொல்லவில்லை, உங்களைக் கூப்பிடத்தான் கேட்டேன். 'மேல தாழ்ப்பாள் போட்டிருக்காரும்மா, மூணு மணிக்கு மேல தெறக்க மாட்டாரு' என்றார். மாமா, வலியை நிறுத்த என்னால் முடியாது, அந்தத் தாழ்ப்பாளை மட்டும் போடாதீர்கள். அடுத்த மாதம் எனக்கு விடுப்புக் கிடைத்ததும் வருகிறேன்.


ஏப்ரல் 3

குண்டூசிக்கு,

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். நோட்டை யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருக்கிறது, வேறு ஆள் இல்லை.

சிலிண்டர் வந்துவிட்டது. என் தோள் உயரம். பட்டறை மேசை, விளக்கு, மெழுகு எல்லாம் பல் டாக்டரின் கிளினிக்கில் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டன. தையல்காரர்தான் ஒரு பக்கம் தூக்கினார். 'நாட்டியம் முடிஞ்சுதா?' என்றார். முடியவில்லை என்று சொல்லி, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அடிக்கிற பழைய கதையை அவருக்கும் சொன்னேன். அறை காலியாகக் கிடக்கிறது, நடக்க இடம் அதிகம். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நம்ப மாட்டாய். மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிக்கிறேன், ஒரு நாளைக்கு இரண்டு. மாத்திரையில் கால் வீங்குகிறது. டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளதை மட்டும் சொன்னேன். இரண்டு வரியில் முடிந்துவிட்டது, கூச்சமாக இருந்தது.

ஏழாவது வாரம் போய்விட்டது. எட்டாவதும் போய்விட்டது. இந்தத் தடவை கூடுதலாகத் தங்குகிறான். அடுத்த பிப்ரவரியிலும் வருவான். அதையெல்லாம் இப்போது நினைப்பதில்லை என்று சொல்ல ஆசை. நினைக்கிறேன்.

மார்ச் 28: 3.15 – 3.31. வலது. ஆக்சிஜன்.
29: 5.10 – 5.24 விடியற்காலை. ஆக்சிஜன். மத்தியானம் வரவில்லை.
30: 3.20 – 3.33. வலது. ஆக்சிஜன்.
31: வரவில்லை. நாள் முழுக்கப் பயமாக இருந்தது.
ஏப்ரல் 1: 3.14 – 3.40. ஆக்சிஜன், பாதியில் காற்று குறைந்தது. புது சிலிண்டர் மூன்றாம் தேதிதான் என்கிறார்கள்.

நேற்று இரண்டாம் தேதி. இரண்டே முக்காலுக்கு முகமூடியை வைத்துப் பார்த்தேன், வெறும் ரப்பர் வாடை. பழக்கத்தில் தாழ்ப்பாளில் கை வைத்தேன். வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கீழே போய், 'ஒரு மணி நேரம் மேல வந்து உக்கார முடியுமா? நான் எதாவது சத்தம் போட்டா பயப்படக் கூடாது' என்றேன். அவர் ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்துவிட்டு வந்தார். நோட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. கீழே இருக்கிற வரி அவருடைய கையெழுத்து. மாற்றாமல் அப்படியே கிழித்து ஒட்டி அனுப்புகிறேன்.

ஏப்ரல் 2: 3.16 – 4.27. வலது கண். சிலிண்டர் இல்லை. கூட இருந்தேன். பாப்பா, இவர் இதைப் பற்றி இத்தனை நாள் சொன்னதெல்லாம் கம்மி.